சீனாக்காரர் வைத்த பொட்டு

எங்கள் திருத்தணியில் சீனாக்காரர் ஒரு படத்தை வெள்ளைத் துணியால் மூடித் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தார் என்றால், அந்தத் தெருவில் யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம். காரியத்துக்குப் படம் போகிறது என்று சைக்கிள்காரர்கள்கூட இறங்கி ஒதுங்கி நிற்பார்கள். அப்படி ஒரு நாள் அவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். துணிக்குள் இருந்தது என் வீட்டுக்காரர்.

கேப்டன் பஞ்சாட்சரம். கட்டினவர் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்பார்கள். எழுதக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை, அதனால் எழுதுகிறேன். எழுபத்தொன்றாம் வருஷச் சண்டையில், மேற்கு எல்லையில் ஓர் ஆற்றைத் தாண்டித் தன் ஆட்களோடு போனார். ஆட்களில் சிலர் திரும்பி வந்தார்கள். சிலருடைய உடல் கிடைத்தது. இவர் இதிலும் இல்லை, அதிலும் இல்லை. காணவில்லை என்று தந்தி வந்தது. மறு வருஷம், பிடிபட்ட நம் ஆட்களைப் பாகிஸ்தான்காரன் விட்டபோது, வந்தவர்களில் இவர் இருக்கிறாரா என்று தெரிய நானும் என் மாமனாரும் ரேடியோவை விட்டு நகரவில்லை. இல்லை. அதற்கப்புறம் பட்டாளத்திலிருந்து, இறந்துவிட்டதாகவே கொள்ளலாம் என்று எழுதினார்கள். கொள்ளலாமாம்! கொள்கிறவர்கள் கொள்ளட்டும் என்று நான் பூவும் பொட்டுமாகத்தான் இருந்தேன். அந்தப் படம் வந்தபோது எட்டு வருஷம் ஆகியிருந்தது.

வீட்டில் நானும் மாமனாரும்தான். பிள்ளை குட்டி இல்லை. மாமியார் நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே போய்விட்டவர். மாமனார் வீராசாமிக்கு மலையடிவாரத்தில் துணிக்கடை. பொதட்டூர்பேட்டையிலிருந்து லுங்கியும் துண்டும் வரவழைப்பார், மொட்டை போட வருகிறவர்களுக்குக் காவி வேட்டி விற்பார். அதிகம் பேச மாட்டார். எனக்கும் சேர்த்து அவர் பேசாமல் இருந்தார், அவருக்கும் சேர்த்து நான் பேசினேன். என் வாய் அப்படி. யாராவது வந்து, "எவ்ளோ நாளைக்கும்மா இப்படி?" என்று ஆரம்பித்தால் போதும், காப்பித் தம்ளர் கீழே வைப்பதற்குள் அவர்களை வாசலில் கொண்டுபோய் விட்டுவிடுவேன். அதனால் ஊரே என்னிடம் அந்தப் பேச்சை விட்டுவிட்டது.

சீனாக்காரருக்கு லியாங் என்று பெயர். பிறந்தது சீனாவில் ஏதோ கடலோர ஊர். வாலிபத்தில் ரங்கூனுக்குப் போய், அங்கே சினிமாக் கொட்டகைக்குப் படம் எழுதிக்கொண்டிருந்தார். அங்கேதான் நம் பக்கத்துக் கே.ஜி.கண்டிகை ஊர்க்காரர் ஒருவருடைய மகள் கன்னியம்மாளைக் கட்டினார். பர்மாவிலிருந்து நம் ஆட்களைக் கப்பலேற்றி அனுப்பினார்களே, அந்தக் கூட்டத்தில் மனைவியோடு ஒட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். வந்த புதிதில் சண்டைக்கார நாட்டு ஆள் என்று போலீஸ்காரர்கள் அடிக்கடி வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். பிறகு அவர்களில் ஒருவருடைய அப்பா செத்து, படம் எழுத இவரிடமே வந்தார்கள். அதோடு விசாரணை நின்றது.

அடேயப்பா, என்ன கை அது! போட்டோவில் கட்டம் போட்டு, கித்தானில் கட்டம் போட்டு, எண்ணெய் வண்ணத்தில் எழுதுவார். நம் ஆட்களின் கறுப்பை அவர்போல யாரும் எழுத மாட்டார்கள். கறுப்புக்குள் செம்பு மினுங்கும். ஆனால் ஜனங்கள் என்ன செய்வார்கள் என்றால், படம் வீட்டுக்கு வந்ததும் சந்தனத்தையும் குங்குமத்தையும் தண்ணீரில் குழைத்து நெற்றியில் அப்பிவிடுவார்கள். கண்ணாடி இல்லாத படமல்லவா, வருஷத்துக்குள் நெற்றி அரித்துப் போய்விடும். இரண்டு மூன்று படம் அப்படிக் கெட்டதும் சீனாக்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். சந்தனப் பொட்டும் அதன் நடுவில் குங்குமமும் தானே வண்ணத்தில் எழுதிக் கொடுத்துவிடுவார். ஈரம் காயாத பொட்டுபோலவே இருக்கும். ஜனங்களுக்கு ரொம்பத் திருப்தி. செத்தவர்களைத் தவிர வேறு யாருடைய படத்தையும் யாரும் அவரிடம் கொடுத்ததில்லை என்பதால் இதில் ஒரு வம்பும் வந்ததில்லை.

அந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக் கூட்டம் கலைந்து, கடையில் வியாபாரம் ஓய்ந்திருந்த சமயம். மாமனார் சாப்பிட்டு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே, "பஞ்சாட்சரத்துக்கு ஒரு பெரிய படம் எழுதி மாட்டலாம்னு பாக்கறேம்மா" என்றார்.

"மாட்டலாமே மாமா. வந்து பாத்தார்னா, இன்னாடா நம்மள ராஜா மாதிரி மாட்டி வெச்சுகினு கீறாங்கன்னு சிரிப்பார்" என்றேன்.

மாமனார் பெட்டிச் சாவியை எடுத்துவந்தார். பெட்டியைத் திறந்து போட்டோக்களை எடுத்துப் பரப்பினோம். ஒன்று, பட்டாளத் தொப்பி போட்டு விறைப்பாக நிற்கிறது. அதுதான் எனக்குப் பிடிக்கும். இன்னொன்றில் தொப்பி மடியில் இருக்கும், தலை வாரியிருப்பார், தோளில் மூன்று நட்சத்திரம். மாமனார் இரண்டாவதை எடுத்துக்கொண்டார். "இதுலதான் முகம் நல்லா தெரியுது" என்றார். சரி, பெற்றவர் ஆசை என்று விட்டுவிட்டேன்.

சீனாக்காரர் படத்தைக் கொண்டுவந்த அன்று காலையில் நான் வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். தெருக்கோடியில் அவர் வருவது தெரிந்தது. கையில் வெள்ளைத் துணி மூடின பெரிய சட்டம். பின்னால் ஏழெட்டுப் பேர் பேசாமல் வந்துகொண்டிருந்தார்கள். என்ன ஏது என்று நான் எழுந்திருப்பதற்குள் பக்கத்து வீட்டு ஜெயம்மா ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "எஞ்சாமீ, ராசா மாதிரி போனியே" என்று இழுத்தாள் பாருங்கள் ஓர் ஒப்பாரி! அவளைப் பிடித்து உலுக்கினேன்.

"ஏய், வாய மூடு! யாரு செத்துட்டாங்கன்னு அழுவற? சேதி எதாவது வந்துச்சா?"

"சேதி இன்னாத்துக்கு? அதான் சீனாக்காரர் வராரே" என்றாள் ஜெயம்மா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்ததும் கோபமும் கூடவே வந்தது. எல்லோரையும் தெருவிலேயே நிற்க வைத்துவிட்டு, சீனாக்காரரை மட்டும் மாமனார் உட்கார்ந்திருந்த கூடத்துக்குக் கூப்பிட்டேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, படத்தை நாற்காலியில் சாய்த்து வைத்துத் துணியை எடுத்தார்.

முதலில் கைதான் கண்ணில் பட்டது. மடியில் தொப்பி மேல் வைத்த கை. விரல் கணுக்கள், நகம், எல்லாம் அவருடையதுதான். பிறகு நட்சத்திரங்கள். பிறகு முகம். ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, சரி பிறகு சொல்லலாம் என்று நிறுத்திக்கொண்ட முகம். இந்த மனுஷர் எப்போதும் அப்படித்தான். எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் மேலே நெற்றிக்குப் போனதும் நின்றுவிட்டது. அங்கே வட்டமாகச் சந்தனம், நடுவில் சிவப்பாகக் குங்குமம்.

சும்மா விடுவேனா? "ஏங்க சீனாக்காரரே, உங்களுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? உயிரோட கீற மனுஷன் படத்துல இன்னா வெச்சுகினு வந்து நிக்கறீங்க? ஒரு வார்த்த கேக்க மாட்டீங்களா? ஊர்ல எல்லாரும் செத்துப் போனாத்தான் உங்களுக்குச் சோறா?" என்று வாய்க்கு வந்ததெல்லாம் கேட்டேன். கடைசியில் கேட்டது கேட்டிருக்கக் கூடாதது, ஆனால் வாயில் வந்துவிட்டது.

அவர் நிமிர்ந்து மாமனாரைப் பார்த்தார். மாமனார் தரையைப் பார்த்தார். சீனாக்காரர் என் பக்கம் திரும்பிக் கையைக் கூப்பினார்.

"தப்புதாங்க. பழக்கதோஷம். கை தானா வெச்சுடுச்சுங்க."

"உடும்மா. தெரியாம செஞ்சுட்டார்" என்றார் மாமனார்.

உடனே துடையுங்கள் என்றேன். "இப்ப துடைச்சா நெத்தி பூரா செவப்பா இழுவும்ங்க. நல்லா காயட்டும். அப்புறம் சொரண்டி எடுத்துட்டு மேல தோல் நெறம் போட்டுத் தரேங்க" என்று சொல்லிவிட்டு, துணியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். தெருவில் நின்றவர்கள் அவரை என்ன சொல்லித் திட்டினார்கள் என்பது உள்ளே வரைக்கும் கேட்டது.

படத்தைச் சுவர் பார்க்கத் திருப்பி வைத்தேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், மாமனார் கடைக்குப் போனதும் திருப்பிப் பார்ப்பேன். ஒரு விரலால் பொட்டை மறைத்துக்கொண்டு பார்ப்பேன். விரலை எடுத்தால் அவர் செத்துப்போவார், வைத்தால் பிழைத்துக்கொள்வார். இப்படி ஒரு பைத்தியக்காரி நான்.

கூத்து அதோடு முடியவில்லை. நாலைந்து நாள் கழித்து ஒரு காலை, பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் எங்கண்ணன் சேட்டு, அண்ணி, சித்தப்பா என்று ஒரு கூட்டமே வந்து இறங்கியது. பஸ் கண்டக்டர் மூலமாகச் சேதி ஊர் தாண்டிப் போயிருக்கிறது. அண்ணன் கையில் ஒரு பை. பையில் என்ன என்று நான் கேட்கத் தேவையில்லை. புருஷன் போனால் பிறந்த வீட்டிலிருந்து கோடிப் புடவை கொண்டுவர வேண்டும், அதுதான் முறை.

"அண்ணா, இன்னா அது?"

அண்ணன் பையைப் பின்னால் மறைத்தான். "ஒண்ணுமில்லம்மா. சொன்னாங்க, நீங்களே படம் எழுதி வெச்சுட்டீங்கன்னு."

பிடுங்கிப் பார்த்தேன். வெள்ளைப் புடவை. கடையில் வாங்கியதில்லை, அண்ணன் தறியில் நெய்தது. அவன் கரை கட்டுகிற விதம் எனக்குத் தெரியாதா? மடிப்பெல்லாம் பழுப்பாகியிருந்தது.

"இத எப்ப நெய்ஞ்ச?"

அண்ணிதான் சொன்னாள். "சண்ட முடிஞ்ச வருஷமே நெய்ஞ்சுட்டாரு. உங்கிட்ட கொண்டாரப் பயந்துகினு பெட்டியிலயே வெச்சிருந்தாரு."

எட்டு வருஷமாக என் அண்ணன் வீட்டுப் பெட்டியில் நான் தாலியறுத்தவளாக மடித்து வைக்கப்பட்டிருந்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. "உக்காருங்க எல்லாரும், இட்லி கீது" என்றேன். வயிறு நிறையச் சாப்பிட வைத்து, பையையும் கையில் கொடுத்து, அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஏறும்போது அண்ணன் என் தலையைத் தொட்டான். அதுதான் தாங்க முடியவில்லை.

இனி இந்தப் பொட்டு ஒரு நாள்கூட அங்கே இருக்கக் கூடாது என்று தோன்றிவிட்டது. வண்ணம் காய்ந்ததோ இல்லையோ, படத்தை ஒரு ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு நந்தி ஆற்றுப் பக்கம் சீனாக்காரர் வீட்டுக்குப் போனேன். மாமனாரிடம் சொல்லவில்லை.

சீனாக்காரர் முற்றத்தில் உட்கார்ந்து ஒரு மளிகைக் கடைப் பலகையில் எழுத்து எழுதிக்கொண்டிருந்தார். கன்னியம்மாள் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் எழுந்து, படத்தை வாங்கிப் பலகைமேல் சாய்த்து, டர்பன்டைன் புட்டியையும் மெல்லிய கத்தியையும் எடுத்தார். கத்தி நெற்றிக்குப் பக்கத்தில் போய் நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

"இன்னும் எவ்ளோ நாளுய்யா பேச்சு வாங்கிகினு இருக்கப் போற?" என்று கன்னியம்மாள் வெடித்தாள். "உயிரோட கீறவனுக்குப் பொட்டு வெக்கறான் சீனாக்காரன்னு சந்தைல சிரிக்கறாங்க. எழுத வெச்சிருந்த படத்த எல்லாம் திருப்பி வாங்கிகினு போறாங்க. நீ சொல்லு, இல்லாட்டி நான் சொல்றேன்."

"கன்னி, சும்மா இரு."

"ஏன் இருக்கணும்? அம்மா, இங்க பாருங்க. பொட்டு வெக்கச் சொன்னது உங்க மாமனாரு."

நான் அவளை முறைத்தேன். பிறகு சீனாக்காரரைப் பார்த்தேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஆமாங்க" என்றார். "வந்தாரு. தோ, அந்த ஸ்டூல்ல உக்காந்தாரு. நான் எப்பவும் கேக்க மாட்டேங்க. ஆனா காணாமப் போனவராச்சேன்னு கேட்டேன், பொட்டு வெக்கட்டுங்களான்னு. துண்டால மூஞ்சிய மூடிகினு அழுதாரு. 'நான் போய்ட்டா எம் புள்ளைக்கு எள்ளுந் தண்ணி எறைக்க யாரு கீறா? நான் இருக்கும்போதே செய்யணும். ஆனா அந்தப் பொண்ணு நெத்தியில கை வெக்க எனக்கு மனசு வரல. நீ இவன் நெத்தியில வெச்சுடு. அவ கேட்டா, தெரியாம வெச்சுட்டேன்னு சொல்லிடு'ன்னாரு. சரின்னுட்டேங்க."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மாமனார் மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். எங்கே தேடியும் கோபம் கிடைக்கவில்லை. அந்த மனுஷர் இந்த ஸ்டூலில் வந்து, முன்பின் பழக்கமில்லாத ஒருத்தர் எதிரில் அழுதிருக்கிறார். வீட்டில் அழ அவருக்கு இடமில்லை. நான்தான் வீடு பூரா நின்றுகொண்டிருந்தேனே.

கன்னியம்மாள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டுச் சீனாக்காரரிடம் கேட்டேன். "அவர் எங்கயோ உயிரோட இருந்தார்னா? ஒரு நாள் வந்து இந்தப் படத்தைப் பாத்தார்னா, என்னப் பத்தி இன்னா நெனப்பார்?"

அவர் பிரஷ்ஷைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நான் ரங்கூனுக்குக் கப்பல் ஏறும்போது, என்னையே ஒரு படம் எழுதி எங்கம்மாகிட்ட குடுத்துட்டு வந்தேங்க. அப்பப்ப காயிதம் போட்டுகினு இருந்தேன். அப்புறம் அங்க சண்ட, இங்க சண்ட, காயிதம் போறதும் நின்னுபோச்சு, வரதும் நின்னுபோச்சு. எங்கம்மாவுக்கு நான் இருக்கறனா செத்தனான்னு தெரியாது. எங்க ஊர்லயும் படத்துக்கு ஊதுவத்தி ஏத்துவாங்க, சோறு வெப்பாங்க. இந்நேரம் எனக்கும் ஏத்தியிருப்பாங்க. நான் இங்க கன்னி கையால கொழம்பு சாப்ட்டுகினு கீறேன்."

"கோவம் வரலையா உங்களுக்கு?"

"கோவமா? எதுக்குங்க? என்னை நெனச்சு எங்கயோ ஒருத்தங்க ஒரு வேள சோறு வெக்கறாங்க. நான் செத்தவன்னா அது எனக்கு வேணும். உயிரோட இருந்தா, அது எனக்குச் சந்தோஷம். உங்க வீட்டுக்காரரும் அப்படித்தாங்க நெனப்பாரு."

சொல்லிவிட்டுப் புட்டியைத் திறந்தார். "நீங்க சொல்லுங்க. எடுக்கணும்னா இப்பவே எடுத்துடறேன்."

படத்தைப் பார்த்தேன். விரல் வைத்து மறைக்காமல் பார்த்தேன். ஆற்றைத் தாண்டிப் போனவர் அங்கேயே, எந்தச் சேற்றிலோ, யாரும் ஒரு வாய்த் தண்ணீர்கூட விடாமல் கிடந்திருப்பார் என்ற நினைப்பை இத்தனை வருஷம் நான் உள்ளே விட்டதே இல்லை. அன்றைக்கு விட்டேன். அவர் தாகத்தோடு கிடந்திருப்பாரோ என்றுதான் முதலில் தோன்றியது.

"வேணாங்க" என்றேன். "இருக்கட்டும். நான் உங்கள அன்னிக்குப் பேசினது தப்பு. அத ஊர்ல நானே சொல்றேன்."

சொன்னேன். திரும்பும் வழியில் ரிக்‌ஷாவைச் சந்தை நடுவில் நிறுத்தி, பொட்டு நாங்கள் வைக்கச் சொல்லி வைத்ததுதான், சீனாக்காரரை எவனாவது ஏதாவது சொன்னால் என் வீட்டு வாசலுக்கு வரட்டும் என்று சத்தம் போட்டுச் சொன்னேன். ஒருவரும் வரவில்லை.

வீட்டில் மாமனார் கடையிலிருந்து திரும்பி என்னைத் தேடிக்கொண்டிருந்தார். படத்தோடு நான் ரிக்‌ஷாவிலிருந்து இறங்குவதைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது.

"தொடச்சிட்டாராம்மா?"

"இல்ல மாமா. நான்தான் வேணாம்னுட்டேன். ஆணி எங்க வெச்சீங்க? ஸ்டூல கொஞ்சம் புடிங்க."

அவர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார், நான் ஏறி மாட்டினேன். கோணலாக இருக்கிறதா என்று கேட்டேன். இறங்கிப் பார்த்தால், ஸ்டூலைப் பிடித்த கையை விடாமல், குனிந்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"எள்ளுந் தண்ணி எறைங்க மாமா. இந்த அமாவாசைக்கே எறைங்க. ஆனா எம் பொட்டு எங்கிட்டயே இருக்கட்டும்."

"உம் பொட்ட யாரும்மா கேட்டா?" என்றார். பிறகு, "எம்மேல கோவமா?" என்றார்.

"ஆமா, கோவந்தான். எட்டு வருஷமா தனியா அழுதுகினு இருந்தீங்களே. எங்கிட்ட சொல்லிட்டு அழுதிருக்கலாமில்ல?"

"உங்கிட்டயா? நீ சண்டைக்கு வருவியே."

சிரிப்பு வந்தது எனக்கு. அவருக்கும் வந்தது. சிரிக்க ஆரம்பித்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்து, "எம் புள்ள, எம் புள்ள" என்று வாய்விட்டு அழுதார்.

எங்கள் வீட்டு வழக்கத்தில் மருமகள் மாமனார் எதிரில் உட்காரக் கூடாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் உட்கார்ந்ததில்லை. அன்றைக்கு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.